மவுண்டன் பைக்கில் மிட் டிரைவ் மோட்டார் பொருத்துவது எப்படி?

ஹப் மோட்டார் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றும். மிட் டிரைவ் மோட்டாரோ பெடல் அச்சு இருக்கும் இடத்தில் அமர்ந்துகொண்டு, செயின் வழியாகப் பின்சக்கரத்துக்கு விசையைக் கொடுக்கும். ஏற்றத்தில் நாம் கியரைக் குறைத்தால் மோட்டாருக்கும் அந்தக் கியரின் பயன் கிடைப்பதால், அது திணறாமல் தனக்கு உகந்த வேகத்திலேயே சுழல்கிறது. எடையும் சைக்கிளின் நடுவில், தரைக்கு அருகில் நின்றுவிடுகிறது. கரடுமுரடான பாதைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்றே சொல்வேன். ஆனால் மோட்டாரின் முழு விசையையும், பெடல் அச்சு நுழையும் பாட்டம் பிராக்கெட் என்னும் சிறு குழாய்தான் தாங்குகிறது என்பதால், அந்த இடத்தில் எவ்வளவு கவனம் செலுத்துகிறோமோ அந்த அளவுக்கே பொருத்தம் நிலைக்கும்.

எனவே கிட் வாங்கும் முன் அளவெடுக்க வேண்டும். பாட்டம் பிராக்கெட் குழாயின் அகலத்தை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். மரை உள்ள பழைய ஃபிரேம்களில் பெரும்பாலும் 68 அல்லது 73 மி.மீ. இருக்கும், பஃபாங் பி.பி.எஸ்.02, டோங்ஷெங் டி.எஸ்.டி.இசட்.2 போன்ற மோட்டார்கள் இந்த அளவுகளுக்கு நேரடியாகப் பொருந்தும். மரையில்லாத பிரஸ்ஃபிட் வகை ஃபிரேம் என்றால் அதற்குரிய அடாப்டர் தேவைப்படும். தளர்வான அடாப்டரில் மோட்டாரைப் பொருத்துவதைவிடப் பொருத்தாமல் இருப்பது மேல். கார்பன் ஃபிரேமில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கர அச்சுக்குச் செல்லும் செயின்ஸ்டே குழாய்கள் வெளிப்பக்கம் அகன்று வளைந்திருந்தால் மோட்டாரின் கியர் உறை அவற்றில் இடிக்கும் என்பதால், அங்குள்ள இடைவெளியையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கழற்றும் வேலையில் முக்கியமானது மரையின் திசைதான். இடது பெடல் இடமரை கொண்டது. அதைக் கடிகாரச் சுழற்சியின் திசையில் திருப்பினால்தான் கழலும். பாட்டம் பிராக்கெட்டில் இது தலைகீழ்: அச்சைத் தாங்கும் இரண்டு கப்களில் (மரையுள்ள வளையங்கள்), செயின் இருக்கும் வலது பக்கத்துக் கப்தான் இடமரை, இடது பக்கத்துக் கப் வழக்கமான வலமரை. பெடல் பொருந்தும் கையான கிராங்கைச் சுத்தியலால் தட்டாமல், அதற்குரிய புல்லரைக் கொண்டு இழுத்து எடுங்கள். முன்கியரில் செயினை இடம் மாற்றும் டிரெய்லியர் கருவியும் அதன் கேபிளும் இனித் தேவையில்லை. குழாய்க்கு அடியில் கேபிள் வழிகாட்டியைப் பிடித்திருக்கும் திருகின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டாரின் அச்சு உள்ளே நுழையாது; அதை வெட்டிக் குட்டையாக்கவோ அகற்றவோ வேண்டும். பிறகு குழாயின் உட்புறத்தைத் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசுங்கள்.

மோட்டாரை வலது பக்கத்திலிருந்து மெதுவாகச் செருகுங்கள். ஒயர் எதுவும் ஃபிரேமுக்கும் மோட்டாருக்கும் நடுவில் நசுங்கவில்லை என்பதை விளக்கடித்துப் பார்த்து உறுதிப்படுத்திய பின், மோட்டாரின் உடலை மேல்நோக்கித் திருப்பி முன்பக்கம் ஹேண்டிலை நோக்கிச் சாய்ந்து ஏறும் டவுன்டியூப் குழாயோடு ஒட்டி நிறுத்துங்கள். இது அழகுக்காகச் செய்வதல்ல. செயினை இழுக்கும்போது அதன் எதிர்விசை மோட்டாரின் உடலை மேல்நோக்கித் திருப்ப முயல்கிறது. முதலிலேயே டவுன்டியூபில் அணைந்திருந்தால் அது திரும்புவதற்கு இடமே இருக்காது. பெயிண்ட் உரசாமலிருக்க நடுவில் ஒரு ரப்பர் துண்டை வைக்கலாம். அடுத்து இடது பக்கத்தில், பஃபாங் மோட்டாரானால், பற்கள் உள்ள பக்கம் ஃபிரேமைக் கடிக்கும்படி பிடிப்புத் தகட்டை வைத்து, அதன் இரண்டு போல்ட்டுகளை முடுக்கி, எம்33 (33 மி.மீ. மரை) லாக்நட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். கைக்கணக்கில் இறுக்கிய நட்டு சில சவாரிகளிலேயே தளர்ந்து, மோட்டார் ஆடத் தொடங்கும். ஆடிய பிறகு ஃபிரேமின் விளிம்பும் தேய்ந்துவிடும்.

அடுத்தது செயின்லைன், அதாவது முன்னிருந்து பின்னுக்குச் செயின் ஓடும் கோடு. மோட்டாரின் கியர் உறை வலது பக்கம் இருப்பதால் செயின்ரிங் என்னும் முன் பல்சக்கரம் வழக்கத்தைவிட வெளியே தள்ளி நிற்கும். பின்பக்கத்தின் பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் சாய்ந்து ஓட, சத்தமும் தேய்மானமும் கூடும். 42 பல் அளவிலான உட்குழிந்த செயின்ரிங்குகள் உறையைத் தாண்டி உள்ளே வருவதால் இந்தச் சாய்வைக் குறைக்கின்றன. அதைவிடச் சிறியவை ஏற்றத்துக்கு நல்லவை, ஆனால் அவ்வளவு உள்ளே வர முடியாது. செங்குத்தான பாதையே அதிகம் என்றால் சிறியதையே தேர்ந்தெடுப்பேன். செயினின் நீளத்தை, பெரிய பல்சக்கரத்தில் போட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

மின்பகுதி இதைவிட எளிது. இணைப்பிகள் தவறாகச் செருக முடியாத வடிவத்திலேயே வருகின்றன. வேக சென்சாரை இடது செயின்ஸ்டேயிலும், காந்தத்தை ஸ்போக்கிலும், இடையில் சில மில்லிமீட்டரே விட்டுப் பொருத்துங்கள். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் சென்சாரை விட்டுவிடாதீர்கள். ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஒட்டும் காந்த வகை கிடைக்கிறது. பின்கியர் கேபிளில் கியர் சென்சாரையும் சேர்த்தால், கியர் மாறும் கணத்தில் விசை துண்டிக்கப்பட்டு, செயின் அறுவதிலிருந்து தப்பும்.

பேட்டரியின் வோல்டேஜ் மோட்டாரின் கண்ட்ரோலரோடு பொருந்த வேண்டும். 48 வோல்ட் பேட்டரியில் 13 செல்கள் தொடராக இருக்கும். முழு சார்ஜில் அது 54.6 வோல்ட் காட்டும். 14 ஆம்பியர் மணி என்றால் 672 வாட் மணி ஆற்றல் கிடைக்கும். கொள்ளளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பஃபாங் பி.பி.எஸ்.எச்.டி. மோட்டார் 30 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த மின்னோட்டத்தைத் தொடர்ந்து தரக்கூடிய பி.எம்.எஸ். (பேட்டரியைக் கட்டுப்படுத்திக் காக்கும் மின்சுற்று) பேட்டரிக்குள் இல்லாவிட்டால், ஏற்றத்தின் நடுவில் எல்லாம் அணைந்துவிடும். தண்ணீர் பாட்டில் மாட்டும் இரண்டு திருகுகள் மட்டும் கனமான பேட்டரியைக் குலுங்காமல் பிடிக்கப் போதாது, கூடுதலாக ஒரு பட்டை கட்டுங்கள்.

சாலைக்கு எடுத்துச் செல்லும் முன் உங்கள் நாட்டின் சட்ட வரம்பைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மின் உதவி கொண்ட சைக்கிளுக்கு 250 வாட், மணிக்கு 25 கி.மீ. என்பதே எல்லை. பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, மிகக் குறைந்த உதவி நிலையில் ஓட்டி, ஒவ்வொரு கியரையும் மாற்றிப் பாருங்கள். பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் உடனே நிற்க வேண்டும். முதல் சவாரி முடிந்ததும் லாக்நட்டையும் கிராங்க் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். மோட்டாரின் விசையில் செயின் விரைவாகத் தேயும் என்பதால், செயின் அளவுகோலை இனி அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கும்.