ஹேண்டிகேமில் ஸ்டில் கேமரா லென்ஸ்: வீட்டிலேயே ஒரு அடாப்டர்

பழைய ஹேண்டிகேமில் ஒருவர் முகத்தை எடுத்தால், பின்சுவர் காலண்டரில் இருக்கும் தேதிகூடத் தெளிவாக விழும். உள்ளே இருக்கும் சென்சார் விரல் நகத்தைவிடச் சிறியது. அதற்கேற்ற குட்டி லென்ஸ், கிட்டே இருப்பதையும் எட்ட இருப்பதையும் ஒன்றாகவே தெளிவாக்கிவிடும். முகம் மட்டும் தெளிந்து பின்னணி கரைந்துபோகும் அழகு வேண்டுமென்றால் ஸ்டில் கேமரா லென்ஸ் வேண்டும். ஆனால் ஹேண்டிகேம் லென்ஸைக் கழற்ற முடியாது.

அதனால் கழற்றாமலே ஒரு வேலை செய்வோம். ஸ்டில் லென்ஸ் ஒரு மங்கலான திரையில் படத்தை விழச் செய்யட்டும். அந்தத் திரையை ஹேண்டிகேம் படம் பிடிக்கட்டும். 2000-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பி+எஸ் டெக்னிக் நிறுவனம் இதே முறையில் ‘மினி35’ அடாப்டரை விற்றது. விலை எட்டாதவர்கள் குழாயும் பசையும் வைத்துச் சொந்தமாகச் செய்தார்கள். 2008-இல் கேனான் 5டி மார்க் 2 என்ற ஸ்டில் கேமரா வீடியோவும் எடுக்கத் தொடங்கியதும் இந்த அடாப்டர்களுக்குத் தேவை குறைந்தது. ஆனாலும் லென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையால் தொட்டுப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

முதலில் ஒரு சோதனை

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பகலில் அறையை இருட்டாக்கி ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். லென்ஸை ஜன்னலைப் பார்த்துப் பிடித்து, பின்னால் ஒரு டிரேசிங் பேப்பரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் வெளியே நிற்கும் மரம், வண்ணத்தோடு, தலைகீழாகப் பேப்பரில் வந்து நிற்கும். நாம் படம்பிடிக்கப் போவது அதைத்தான். முதல்முறை பார்த்தபோது நான் வெகுநேரம் பேப்பரைக் கீழே வைக்கவில்லை.

லென்ஸ்

அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, கையால் திருப்பி மாற்றும் வளையம் லென்ஸிலேயே இருக்க வேண்டும். நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.8 டி வகை போதும் (எஃப் எண் சிறியதானால் துளை பெரிது). அதே நிக்கானில் ‘ஜி’ வகைக்கு வளையம் கிடையாது. கேமராவை விட்டுக் கழற்றினால் மிகச் சிறிய துளையில் நின்றுவிடும், திரை இருட்டாகிவிடும். ரஷ்ய ஹீலியோஸ் 44-2, அதாவது 58 மி.மீ. எஃப் 2, இன்னொரு நல்ல தேர்வு.

திரை

பழைய எஸ்எல்ஆர் ஸ்டில் கேமராவின் ஃபோகஸிங் ஸ்கிரீன், அதாவது உள்ளே படம் விழும் மங்கலான தகடு, ஒன்று வாங்குங்கள். நடுவில் வட்டம், கோடு எதுவும் இல்லாத வெறும் மேட் (பளபளப்பில்லாத) திரையாகப் பாருங்கள். வட்டம் இருந்தால் ஒவ்வொரு ஷாட்டிலும் அதுவும் பதிவாகும். மேட் பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். துணியால் துடைக்கவே கூடாது, காற்று ஊதும் பம்ப் மட்டும்தான். நான் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்தேன். அந்தக் கீறல்கள் அதன்பின் எடுத்த எல்லாக் காட்சியிலும் இருக்கின்றன.

தூரம்

முழு வேலையிலும் கவனம் அதிகம் வேண்டியது இங்கேதான். நிக்கான் லென்ஸ் உட்காரும் வளையத்தின் முகப்பிலிருந்து திரையின் மேட் பக்கம் வரை 46.5 மி.மீ. இருக்க வேண்டும். ஹீலியோஸின் எம்42 மவுண்டுக்கு (மரை வைத்த லென்ஸ் வளையம்) ஏறக்குறைய 45.5 மி.மீ. லென்ஸ் மாட்டும் வளையத்துக்கு மலிவான மேக்ரோ எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) வாங்கி அதன் முன்வளையத்தைக் கழற்றிப் பயன்படுத்தலாம்.

திரையை உடனே ஒட்டிவிடாதீர்கள். ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டியில் (வெகுதூரத்துக்கான ∞ குறியில்) வைத்து, நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் கட்டடத்தையோ கோபுரத்தையோ பாருங்கள். அது திரையில் கூர்மையாகும் இடத்தில்தான் ஒட்ட வேண்டும். திரை ஒரு மயிரிழை லென்ஸுக்கு அருகே இருந்தால் சமாளிக்கலாம். தள்ளிப்போனால் எட்ட இருப்பது எதுவுமே தெளியாது.

ஹேண்டிகேம் பக்கம்

பல ஹேண்டிகேம்களால் இவ்வளவு கிட்டத்தில், கையகலம்கூட இல்லாத திரையை ஃபிரேம் முழுக்க நிரப்பி ஃபோகஸ் செய்ய முடியாது. அதற்குத்தான் +10 க்ளோஸ்-அப் லென்ஸ், அதாவது ஹேண்டிகேம் லென்ஸின் முன்னால் மாட்டும் பூதக்கண்ணாடி. ஹேண்டிகேமை இன்ஃபினிட்டியில் வைத்தால், இந்த லென்ஸிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி இருப்பது தெளிவாகும். +8 என்றால் 12.5 செ.மீ. ஒற்றைக் கண்ணாடி வேண்டாம், ஓரங்களில் நிறம் பிரியும். இரண்டு கண்ணாடி ஒட்டிய அக்ரோமேட் வகை வாங்குங்கள். கேனான் எச்வி20 போன்றவற்றின் முன்னால் 43 மி.மீ. மரை இருக்கிறது, பொருத்தமான ஸ்டெப்-அப் ரிங் (சிறிய மரையில் பெரிய லென்ஸை மாட்டும் வளையம்) போட்டு மாட்டிவிடலாம்.

இரண்டு பக்கத்தையும் ஒரு பிவிசி குழாயால் இணையுங்கள். குழாயின் உட்புறம் பளபளப்பில்லாத கருப்பு பெயிண்ட் அடிக்க வேண்டும். இந்த எடையை ஹேண்டிகேமின் மரையில் தொங்கவிட்டால் மரை போய்விடும். ஒரு மரப்பலகையில் இரண்டையும் பொருத்தி, பலகையை ட்ரைபாடில் ஏற்றுங்கள்.

படம்பிடிக்கும்போது

ஹேண்டிகேமில் ஆட்டோ ஃபோகஸ், ஸ்டெடிஷாட் (கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதி) இரண்டையும் அணையுங்கள். ஜூம் செய்து திரையின் ஓரங்கள் மறையும்படி வையுங்கள். திரையின் மணல்பொடி போன்ற பரப்பு தெளிவாகத் தெரியும்வரை ஃபோகஸ் செய்து பூட்டிவிடுங்கள். அப்புறம் அதைத் தொடவே வேண்டாம். ஆளுக்கு ஃபோகஸ் செய்வது முழுக்க முன்லென்ஸில்தான்.

முன்லென்ஸை எஃப் 1.8 முதல் 2.8-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். 5.6-ஐத் தாண்டினால் அந்த மணல்பொடி படத்தில் தெரிய ஆரம்பிக்கும். வெளிச்சம் நிறைய வேண்டும், முதல் சில நாள் வெயில் நேரத்தில் பழகுங்கள். ஷட்டர் 1/50. திரையில் செல்போன் வைப்ரேட்டர் மோட்டார் ஒட்டி அதிரவிட்டால் மணல்பொடி கண்ணில் படாமல் போகும். ஆனால் அது இரண்டாவது அடாப்டருக்கான வேலை, முதலில் அசையாத திரையே போதும்.

கணினியில்

பதிவு தலைகீழாக இருக்கும். எடிட்டிங்கில் 180 டிகிரி சுழற்ற வேண்டும். ‘ஃப்ளிப்’ பட்டனை ஒருமுறை அழுத்தினால் மேல்கீழ் சரியாகும், இடம்வலம் மாறியே கிடக்கும். முதல் ஷாட்டில் ஏதாவது ஒரு கடையின் பெயர்ப்பலகையைச் சேர்த்து எடுங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் சரியாகத் திருப்பியிருக்கிறீர்கள்.