த்ரெட் காத்திருப்பது தவறில்லை, லாக்கோடு காத்திருப்பதுதான் தவறு

புரோகிராம் தொங்குகிறது. சிபியு சும்மா கிடக்கிறது, மெமரியும் போதுமான அளவு இருக்கிறது, ஆனால் எந்தக் கோரிக்கைக்கும் பதில் இல்லை. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது த்ரெட் (புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை இழை) எண்ணிக்கையைக் கூட்டுவது. கொஞ்ச நேரம் சரியானது போலத் தெரியும். அப்புறம் புதிதாகச் சேர்த்த த்ரெட்டுகளும் அதே இடத்தில் வந்து வரிசையாக நிற்கும்.

எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் கருவிகள் உண்டு: ஜாவா என்றால் ஜேஸ்டாக், சி அல்லது சி++ என்றால் ஜிடிபி, பைத்தான் என்றால் பை-ஸ்பை. சில நொடி இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை எடுத்து ஒப்பிட வேண்டும். ஒரு த்ரெட் ஒவ்வொரு முறையும் அதே வரியில் இருந்தால் சந்தேகத்தை அங்கே தொடங்கலாம். ஜாவாக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பின் நம் முனை) தரவு வருமா என்று காத்திருக்கும் சாதாரண த்ரெட்டையும் ஜேஸ்டாக் ‘ரன்னபிள்’ (ஓடக்கூடியது) என்றே காட்டும். அது நேட்டிவ் கோடுக்குள் (ஜாவாவுக்கு வெளியே உள்ள இயந்திரக் கோடு) இருப்பது மட்டுமே, ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்முக்குத் தெரியும். இயங்குதளத்தின் மையமான கர்னல் அதைத் தூங்க வைத்திருப்பது தெரியாது. அந்தச் சொல்லை நம்பாமல், ஸ்டாக்கின் (ஒன்றையொன்று அழைத்த ஃபங்ஷன்களின் அடுக்கு) உச்சியில் எந்த ஃபங்ஷன் இருக்கிறது என்று படியுங்கள்.

தரவுக்காக ஒரு த்ரெட் காத்திருப்பதில் தவறே இல்லை. அதற்காகத்தானே தனி த்ரெட் வைத்தோம்? லாக்கை, அதாவது ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே உள்ளே விடும் பூட்டை, பிடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் வினை. பல த்ரெட்டுகள் பகிரும் ஒரு கேஷை (ஒருமுறை எடுத்த தரவைக் கைக்கருகே வைத்திருக்கும் இடம்) எடுத்துக்கொள்ளுங்கள். கேட்ட தரவு அதில் இல்லையென்றால், லாக்கை விடாமலேயே டேட்டாபேஸுக்குப் போகும் கோடு மிகச் சாதாரணமாகக் கண்ணில் படும். டேட்டாபேஸ் 2 நொடி தாமதித்தால், கேஷில் ஏற்கனவே இருக்கும் தரவைக் கேட்டு வந்தவர்களும் 2 நொடி நிற்பார்கள். லாக்குக்குள் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். தரவை எடுத்த பிறகு மறுபடி லாக்கைப் பிடித்துக் கேஷில் போடுங்கள். இரண்டு த்ரெட்டுகள் ஒரே தரவை இரண்டு முறை எடுத்து வர நேரலாம். பெரும்பாலும் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். முடியாது என்றால், அந்த ஒரு சாவிக்கு (கேஷில் தரவைத் தேடும் பெயர்) மட்டும் ஒரு ஃபியூச்சரை (பின்னால் வரப்போகும் விடைக்கான இடம்பிடிப்பு) கேஷில் வைத்து, பின்னால் வருபவர்களை அதில் காத்திருக்க விடலாம்.

இதே கோளாறு நம் கண்ணில் படாத லாக்கிலும் வரும். சி மொழியின் பிரின்ட்எஃப் உள்ளுக்குள் ஒரு லாக் வைத்திருக்கிறது. அவுட்புட் ஒரு பைப்புக்குள் (ஒரு புராசஸின் அவுட்புட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வழி) போய், மறுமுனையில் இருப்பவர் படிப்பதை நிறுத்தி அது நிரம்பிவிட்டால், அச்சிடும் த்ரெட் அந்த லாக்கோடு உறைந்துவிடும். அடுத்து எதையாவது அச்சிட வரும் ஒவ்வொரு த்ரெட்டும் அதன் பின்னால் நிற்கும்.

பைப் என்றதும் இன்னொன்று. துணை புராசஸ் ஒன்றைத் தொடங்கி, அதன் ஸ்டாண்டர்டு அவுட்புட்டை முழுவதும் படித்துவிட்டு அப்புறம் எரர் பக்கம் போகலாம் என்று எழுதுவது. லினக்ஸில் ஒரு பைப் இயல்பாக 65,536 பைட் கொள்ளும். எரர் பைப் நிரம்பியதும் துணை புராசஸ் எழுத முடியாமல் நிற்கும், நாம் அதன் அவுட்புட் முடியக் காத்து நிற்போம். சோதனையில் எரர் செய்திகள் குறைவாக இருப்பதால் இது தலைகாட்டவே காட்டாது. இரண்டையும் ஒரே சமயத்தில் படிக்க வேண்டும். பைத்தானில் கம்யூனிகேட் மெத்தட் அதைத்தான் செய்கிறது.

காத்திருப்புக்கு எல்லை, அதாவது டைம்அவுட், வைக்காதது தெரிந்த தவறுதான். ஜாவா சாக்கெட்டில் ரீட் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 0, அதாவது முடிவே இல்லாத காத்திருப்பு. பைத்தான் சாக்கெட்டும் இயல்பாக முடிவின்றியே காத்திருக்கும். ஆனால் டைம்அவுட் வைத்த பிறகும் சிக்கிக்கொள்ளலாம்: 30 நொடி என்று வைத்தால், அது ஒவ்வொரு ரீடுக்கும் தனித்தனியாக எண்ணப்படுவது. எதிர்முனை 20 நொடிக்கு ஒரு பைட் அனுப்பினால் அந்த எல்லை ஒருபோதும் தாண்டாது. முழு வேலைக்கும் ஒரு கெடு வைத்து, மீதி நேரத்தை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுக் கொடுங்கள். இணைப்பு ஏற்படுத்துவதற்கும் தனி எல்லை வேண்டும். எதிர்முனை பதிலே தராவிட்டால் லினக்ஸ் தன் இயல்பு அமைப்பில் 2 நிமிடத்துக்கு மேல் முயன்றுகொண்டிருக்கும்.

ரீடில் சிக்கிய த்ரெட்டை எழுப்ப, வேறொரு த்ரெட்டிலிருந்து அந்த ஃபைல் டிஸ்கிரிப்டரை (திறந்த ஃபைலுக்கோ சாக்கெட்டுக்கோ கர்னல் தரும் எண்) க்ளோஸ் செய்வது சி நிரல்களில் அபாயமானது. லினக்ஸில் ரீட் எழாமல் போகலாம். அதைவிட மோசம், க்ளோஸ் ஆன எண்ணை அடுத்துத் திறக்கும் ஃபைலுக்கே கர்னல் கொடுத்துவிடக்கூடும். பழைய எண்ணை இன்னும் கையில் வைத்திருக்கும் த்ரெட் யாருடைய தரவையோ படிக்கும். சாக்கெட் என்றால் முதலில் ஷட்டவுன் செய்யுங்கள், படிக்கும் த்ரெட் வெளியே வந்ததும் க்ளோஸ் செய்யுங்கள். மற்றவற்றுக்கு, பல டிஸ்கிரிப்டர்களில் ஒரே சமயத்தில் காத்திருக்கும் ‘போல்’ (poll) ஃபங்ஷனில் கூடவே ஒரு ஈவென்ட்எஃப்டியையும் (எழுப்புவதற்கென்று வைக்கும் டிஸ்கிரிப்டர்) சேர்த்து, நிறுத்த வேண்டியபோது அதில் எழுதினால் போதும். ஜாவாவில் கதை வேறு. சாதாரண சாக்கெட் ரீடை இன்டரப்ட் எழுப்பாது, சாக்கெட்டை க்ளோஸ் செய்தால் எக்ஸெப்ஷனோடு எழும்.

தரவு இல்லையென்றால் காத்திராமல் உடனே திரும்பும்படி “எல்லாவற்றையும் நான்-பிளாக்கிங் ஆக்கிவிட்டேன்” என்பவர்களும் வட்டில் கிடக்கும் ஃபைலை மறந்துவிடுகிறார்கள். சாதாரண ஃபைலுக்கு அந்த நான்-பிளாக்கிங் ஃபிளாகால் பலன் இல்லை. எது படிக்கத் தயார் என்று சொல்லும் செலக்ட் ஃபங்ஷன் அதை எப்போதும் தயார் என்றே சொல்லும். அதே வேலைக்கான ஈபோல் அதைச் சேர்க்கவே மறுக்கும். அதனால்தான் ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸுக்கு அடியில் இருக்கும் லிப்யூவி லைப்ரரி, ஃபைல் வேலைகளை ஒரு த்ரெட் பூலுக்கு (தயாராக வைத்திருக்கும் த்ரெட்டுகளின் கூட்டம்) தள்ளுகிறது. இயல்பாக அதில் இருப்பது 4 த்ரெட்டுகள். பெயரிலிருந்து ஐபி முகவரி தேடும் டிஎன்எஸ் வேலையும் பெரும்பாலும் அதே பூலில்தான் ஓடுகிறது. ஆகவே டிஎன்எஸ் மந்தமானால், சம்பந்தமே இல்லாத ஃபைல் ரீடும் தாமதமாகலாம்.

ஜாவா 21-ல் வந்த விர்ச்சுவல் த்ரெட்டுக்கு (சில சாதாரண த்ரெட்டுகள் மாறி மாறிச் சுமக்கும் இலேசான த்ரெட்) மாறினால் இதெல்லாம் தீருமா? ஓரளவுதான். ஜேடிகே (ஜாவாவின் நிரலாக்கத் தொகுப்பு) 24-க்கு முந்தைய பதிப்புகளில், சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் (ஜாவா மொழியிலேயே உள்ள லாக்) காத்து நிற்கும் விர்ச்சுவல் த்ரெட் தன்னைச் சுமக்கும் த்ரெட்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். அங்கே ஜாவா லைப்ரரியில் உள்ள ரீஎன்ட்ரன்ட் லாக்குக்கு மாறுங்கள். 24-லிருந்து அந்தப் பிடிப்பு பெரும்பாலும் போய்விட்டது. லாக்குக்குள் டேட்டாபேஸைக் கேட்கும் அந்தக் கேஷ் கோடு மட்டும் எந்தப் பதிப்பிலும் தானாகச் சரியாகாது.