ஊருக்குப் பெட்டி கட்டுமுன் ஹுஃபூஃப் போய் வாருங்கள்

சவூதியின் தம்மாமில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் யார் லீவில் கிளம்பினாலும் ஒரே கதைதான். கடைசி நாள் ராத்திரி சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடுவார்கள், கைக்கு அகப்பட்ட பேரீச்சை டப்பாக்களை அள்ளிக்கொண்டு வருவார்கள். ஒன்றரை மணி நேர கார் தூரத்தில் அல் அஹ்சா இருக்கும்போது இது என்ன அவசரம்? 25 லட்சம் பேரீச்சை மரங்கள் நிற்கிற பாலைவனச் சோலை அது. 2018-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் முக்கிய நகரம்தான் ஹுஃபூஃப்.

கார் இல்லாதவர்களுக்கு ரயில் உண்டு. தம்மாம்–ரியாத் ரயில் ஹுஃபூஃபில் நிற்கும். இக்காமாவை, அதாவது சவூதியில் தங்குவதற்கான அட்டையை, கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் போய் இறங்காதீர்கள், பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமை நல்லது. அதிலும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் சந்தைக்கு உயிர் வரும்.

சரி, எந்த மாதம் போவது? ஜூலை, ஆகஸ்டில் போனால் ருதப் கிடைக்கும். அதாவது மரத்தில் பாதி கனிந்த பழம். சில பழங்களில் ஒரு முனை மஞ்சளாக நறுக்கென்று இருக்கும், மறுமுனை பழுப்பாகிக் குழைந்திருக்கும். அதை வாங்கினால் அங்கேயே தின்றுவிடுங்கள், இல்லையென்றால் அறைக்கு வந்ததும் ஃப்ரீசரில் போடுங்கள். ஊருக்குக் கொண்டுபோக அது லாயக்கில்லை, பெட்டிக்குள் புளித்துவிடும். பெட்டிக்கு வேண்டியது நன்றாக முதிர்ந்து உலர்ந்த தமர். புது அறுவடை செப்டம்பர் வாக்கில் கடைக்கு வந்துவிடும். ஜூனில் தமர் என்று விற்பது போன வருஷத்துச் சரக்கு. கெட்டுப்போனது இல்லை, நிறம் மட்டும் கறுத்திருக்கும். விலையில் அதற்குத் தகுந்தபடி குறைக்கச் சொல்லலாம்.

கடையில் போய் அஜ்வா ரகம் கேட்காதீர்கள். அது மதீனா சரக்கு. சுக்கரி கசீம் பக்கத்துப் பழம். இரண்டும் இங்கே கிடைக்கும், ஆனால் அதற்கு ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டும்? இந்த ஊரில் கேட்க வேண்டியது கலாஸ் ரகம். தேன் நிறம், மெல்லிய தோல், வாயில் போட்டால் காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி கரையும். திறந்த பெட்டி இருந்தால் கடைக்காரர் அவராகவே ஒன்றை எடுத்து நீட்டுவார். கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாக வாயில் போடாதீர்கள். முதலில் விரலால் பிளந்து கொட்டையைச் சுற்றிப் பாருங்கள். கறுப்புத் தூளோ நூலாம்படை போன்ற இழையோ தெரிந்தால் பூச்சி. அந்தப் பெட்டி வேண்டாம்.

தோலில் வெள்ளைப் புள்ளி இருந்தால் உடனே பூஞ்சை என்று ஒதுக்கிவிட வேண்டாம். விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தால் அது பழத்தின் சர்க்கரையே உறைந்தது. பஞ்சு மாதிரி ஒட்டினாலோ, புளித்த வாடை அடித்தாலோதான் பூஞ்சை.

பெட்டி கட்டுகிறவர்களுக்கு என் ஓட்டு, காற்றை உறிஞ்சி அழுத்திக் கட்டிய ஒரு கிலோ பாக்கெட்டுக்கே. செங்கல் போல அடுக்கலாம், துணிகளுக்கு நடுவே செருகலாம், பாகு ஒழுகாது. அழகான மரப்பெட்டியில் கொடுப்பதற்குப் பாதிக் காசு பெட்டிக்கே போய்விடும். பாக்கெட்டில் அறுவடை வருஷம் அரபு எண்களில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரிடமே காட்டச் சொல்லுங்கள். ஒரு பாக்கெட்டுக்குப் பேரம் பேசினால் சிரிப்பார்கள். கார்ட்டூனாக, அதாவது அட்டைப்பெட்டி முழுசாக எடுத்தால் “ஆகிர் கம்?”, கடைசி விலை எவ்வளவு, என்று தாராளமாகக் கேட்கலாம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போவது இதற்காகத்தான்.

பழம் வாங்கியாயிற்று என்று உடனே திரும்பாதீர்கள். கைசரிய்யா சந்தைக்குள் ஒரு சுற்று நடங்கள். 2001-இல் தீப்பிடித்து எரிந்த பின் பழைய வடிவத்திலேயே மறுபடி கட்டியது. வளைவு வாசல்கள், குறுகிய சந்துகள், காப்பிக் கூஜா, சாம்பிராணி, மசாலா. ஜரிகை வைத்த பிஷ்த் அங்கிக்கு இந்த ஊர் பேர் போனது. கையால் தைத்ததன் விலை நம் சம்பளத்துக்கு ஒத்துவராது. பார்க்கக் காசில்லை, பாருங்கள். ஹஸாவி அரிசி என்று சிவப்பரிசி ஒன்று விற்பார்கள், இங்கேயே விளைவது. விலை கூடுதல்தான், ஆனாலும் ஒரு கிலோ வாங்கலாம். இங்கே பிள்ளை பெற்ற பெண்களுக்கு இதைச் சமைத்துக் கொடுப்பது வழக்கம். தண்ணீர் அதிகம் குடிக்கும், நம் பொன்னி அளவுக்கு ஊற்றினால் வேகாது.

பேரீச்சைப் பாகு வாங்கினால், அதுதான் திப்ஸ், கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் திரவம் என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு கவரில் போட்டு, பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். அப்புறம் பெட்டியை அறையிலேயே எடை போட்டுவிடுங்கள். பேரீச்சை பார்க்கச் சின்னதாக இருக்கும், கனம் அதிகம். கவுன்டரில் கூடுதல் கிலோவுக்குக் கேட்கிற காசில் இன்னொரு கார்ட்டூனே வாங்கிவிடலாம்.