நெல்லையில் முதல் வாடகை வீடு: மீட்டரைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

முதலில் பணக் கணக்கு. வாடகை 6,000 ரூபாய் என்றால் மூன்று மாத அட்வான்ஸ், முதல் மாத வாடகை, புரோக்கர் மூலம் போனால் அவருக்கு ஒரு மாத வாடகை என்று 30,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் தேடவே இறங்க வேண்டும். பாய், பக்கெட், கேஸ் அடுப்பெல்லாம் இதில் சேராது. சில வீட்டுக்காரர்கள் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதனால் பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

தேடுவதற்கு ஆப் வேண்டாம் என்பேன். மகாராஜா நகரோ பெருமாள்புரமோ, வேலைக்குப் பக்கமாக ஒரு பகுதியை முடிவு செய்து சாயங்காலம் நடந்து போய், தெருமுனை மளிகைக் கடையில் "அண்ணாச்சி, இங்க வீடு ஏதும் காலியா இருக்கா?" என்று கேளுங்கள். போர்டு மாட்டாத வீடுகூட அவருக்குத் தெரியும். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், அதனால் அந்த மாதம் தேடிப் பேசி முடித்துவிட்டு ஆவணியில் குடி போகலாம். வாடகை குறைத்துப் பேசவும் அதுதான் நல்ல நேரம். தனி ஆள் என்றதும் வீடு இல்லை என்பார்கள், சாதியும் கேட்பார்கள். மனசு வலிக்கும், ஆனால் கேட்காமல் வீடு தருகிறவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள், அடுத்த தெருவுக்குப் போங்கள்.

இப்போது மீட்டர். நான் முதலில் இருந்த வீட்டில் மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு, எனக்கு சப் மீட்டர்தான், அதாவது என் பங்கை மட்டும் அளக்க உள்ளே மாட்டிய மீட்டர். ஒரு வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இவ்வளவு யூனிட் என்று இலவசம் உண்டு, அதற்கு மேல் யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறும். இரண்டு குடும்பமும் ஆளுக்கு 200 யூனிட் ஓட்டினால் அது 400 யூனிட் பில்லாக வரும், இலவசம் மட்டும் ஒரே இணைப்புக்கு உரியதுதான். இது போதாதென்று வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு யூனிட்டுக்கு ஒரு விலை வைத்திருந்தார். ஆகவே படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்து மீட்டர்களை எண்ணுங்கள், உங்கள் வீட்டுக்கான மின் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், கடைசி பில்லையும் பாருங்கள். தனி மீட்டர் இருந்தால் வாடகை 300 ரூபாய் கூடுதலானாலும் அந்த வீட்டையே எடுங்கள்.

அப்புறம் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, மற்ற நாளுக்கு போர் தண்ணீர் உப்பா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை பக்கம் தரைத்தள வீடு என்றால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்றும் விசாரியுங்கள்.

ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் தொகை, வெள்ளையடிக்கும் செலவு யாருடையது, காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள்.

பின்சேர்க்கை: ஒத்திக்கு, அதாவது மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருக்கும் முறைக்கு, போகலாமா என்று கமெண்டில் கேட்டிருந்தீர்கள். மாத வாடகை இல்லை என்பது உண்மைதான், ஆனால் லட்சக்கணக்கில் மொத்தப் பணம் வீட்டுக்காரர் கைக்குப் போய்விடும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்து, வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இல்லை என்று தெரிந்தபின், ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு பணத்தைக் கொடுங்கள். பதிவு வேண்டாம், வெறும் பத்திரத்தில் எழுதிக்கொள்வோம் என்று சொன்னால் அந்த வீடு வேண்டாம்.