செட்டிநாட்டு வீடுகளைப் படம் எடுப்பதற்கு முன்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் பழைய வீடுகளைப் பார்க்கப் போனால், போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு, உங்கள் ஊரையும் வந்த காரியத்தையும் முதலில் சொல்லிவிடுங்கள். “ஆச்சி, திருச்சியிலிருந்து வர்றோம், வீட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?” அப்புறம் படத்துக்குத் தனியாகக் கேளுங்கள்.

இங்கே “எந்த ஊரு, யாரைப் பார்க்கணும்?” என்று கேட்பது சாதாரண விசாரிப்பு. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பேச்சு சுலபமாகிவிடும். ஆனால் வாசல் திறந்திருப்பதால் வீடும் பொது இடம் என்று நினைக்கக் கூடாது. தெருவில் நின்றாலே முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) தாண்டிப் பின்கட்டு வரை நேர்கோட்டில் தெரியும். அங்கே யாராவது அரிசி புடைத்துக்கொண்டிருப்பார்கள், அவர்களையும் சேர்த்துப் படம் எடுப்பதுதான் மனத்தாங்கலில் முடிகிறது. பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொதுவானவை என்பதால், காவலுக்கு இருப்பவர் உள்ளே விட்டாலும் படத்துக்குச் சம்மதம் சொல்ல அவரால் முடியாமல் போகலாம்.

வெளிநாட்டு நண்பர்களை அழைத்துப் போனால் இந்த விசாரிப்பைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஜெர்மனியில் ஒருவரின் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்று 1907-லேயே சட்டம் வந்துவிட்டது. படத்துக்கு அனுமதி கேட்பது அவர்களுக்குப் புதிதல்ல, ஊர் பேர் கேட்பதுதான் திகைப்பாக இருக்கும்.

கட்டணம் வாங்கிக் காட்டும் வீடுகளிலும் ஹோட்டலாக மாறிய வீடுகளிலும் இதெல்லாம் தேவையில்லை, அங்குள்ள விதிப்படி நடந்தால் சரி. கல்யாணமோ துக்கமோ நடக்கும் வீடென்றால் கேட்கவே வேண்டாம், இன்னொரு நாள் போங்கள்.