பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் முதலில் கழுவ வேண்டியது கை

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் ‘நர்சம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தெருவில் யாருக்காவது குழந்தை பிறந்தால் என்னிடம் வரும் முதல் கேள்வி, “நர்சம்மா, தரை துடைக்க எந்த மருந்து வாங்கலாம்?” என்பது. தரையைப் பெருக்கிச் சாதாரணமாகத் துடைத்தால் போதும். பச்சைக் குழந்தை தரையில் தவழப் போவதில்லை. அதற்குக் கிருமி பெரும்பாலும் நம் கை வழியாக, வாயில் நாம் ஊற்றுவதன் வழியாக, தொப்புள் வழியாக, பக்கத்தில் இருமுகிறவர் வழியாகப் போகிறது. காசையும் கவலையையும் அங்கே செலவழியுங்கள்.

“கை கழுவிட்டேன்” என்பவர்களில் பாதிப் பேர் விரல் நுனியை நனைத்து முந்தானையில் துடைத்தவர்கள். அந்த முந்தானைதான் காலையிலிருந்து அடுப்பில் பாத்திரம் இறக்கியிருக்கும், மூத்த பிள்ளையின் மூக்கையும் துடைத்திருக்கும். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், வளையலை மேலே ஏற்றுங்கள். சோப்புப் போட்டு உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாவற்றையும் குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும். எல்லாரும் விட்டுவிடுவது கட்டைவிரலைத்தான். துவைத்த துண்டில் துடைக்கலாம், இல்லாவிட்டால் கையை உதறிக் காயவிடலாம். குழந்தையைத் தூக்கும் முன், பால் கொடுக்கும் முன், மலத்துணி மாற்றிய பின், கழிப்பறை போய் வந்த பின், மாட்டையோ கறியையோ ரூபாய் நோட்டையோ தொட்ட பின் என்று ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும். செல்போனையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பால் கொடுத்துக்கொண்டே போனைத் தடவுகிற கை மறுபடி குழந்தையின் முகத்துக்குத்தான் போகிறது.

சோப்பைக் கொல்லைப்புறத்தில் வைத்தால் வருகிறவர்கள் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீர், மக்கு, சோப்பு வைத்துவிடுங்கள்.

குழந்தை பார்க்க வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் பெரிய பாடு. தீட்டு என்று சொல்லித் தாயை ஒதுக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தச் சாக்கில் கூட்டம் குறைகிறதென்றால் குறையட்டும், விட்டுவிடுங்கள். சளி, இருமல், காய்ச்சல் இருப்பவர்கள் பிறகு வந்து பார்க்கலாம். முத்தம் யாருக்கும் கிடையாது. உதட்டில் கொப்புளம் உள்ளவர் கொஞ்சினால் அதிலிருக்கும் ஹெர்பிஸ் வைரஸ் பச்சைக் குழந்தையின் உயிருக்கே உலை வைக்கலாம். இதையெல்லாம் மருமகள் சொன்னால் மாதக்கணக்கில் பேச்சு வரும். பிள்ளையின் அப்பா சொல்ல வேண்டும், அவருக்கும் வாய் வராவிட்டால் “நர்சம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க” என்று என் மேல் போட்டுவிடுங்கள்.

தாய்க்கே சளி பிடித்தால் பாலை நிறுத்த வேண்டாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கை கழுவிவிட்டுக் கொடுங்கள். அந்தச் சளியை எதிர்க்கிற சக்தியும் பாலோடு சேர்ந்தே குழந்தைக்குப் போகிறது. முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலில் அது ஏராளம், அதைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து மட்டும் விதிவிலக்கு. சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவுகிறார்கள். தேனில், தசைகளைச் செயலிழக்க வைக்கிற போட்டுலிசம் நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், அதனால் ஒரு வயது முடியும் வரை தேன் ஆகாது. எங்கள் பக்கம் கழுதைப் பாலும் உண்டு. கழுதையை ஓட்டிக்கொண்டு ஒருவர் தெருவில் வருவார், ஒரு சங்குப் பால் கறந்து அப்படியே குழந்தை வாயில் ஊற்றுவார்கள். கறக்கிற கையைக் கவனியுங்கள். கயிற்றைப் பிடித்த கை, கழுதையின் முதுகைத் தட்டிய கை. மடியும் கழுவாதது, பாலும் காய்ச்சாதது. உரை மருந்து உரைக்கிற கல்லும் அப்படித்தான், போன பிள்ளைக்கு உரைத்ததோடு பரணில் கிடந்திருக்கும்.

பீய்ச்சிய பாலைப் பாலாடையிலோ சங்கிலோ கொடுப்பதென்றால், சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் முழுக மூழ்கக் கொதிக்கவிட்டு எடுங்கள். பவுடர் பால் கொடுக்கச் சொல்லியிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: டின்னுக்குள் இருக்கிற பவுடர் கிருமியற்றதல்ல. கொதித்த தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறுவதற்குள், அதாவது இறக்கிய அரை மணி நேரத்துக்குள் கலக்கி, அப்புறம் குழந்தை குடிக்கிற சூட்டுக்கு ஆற்றுங்கள். மிச்சத்தை வைத்திருந்து கொடுக்கக் கூடாது.

தொப்புள் கொடிக்கு மருந்து, காற்றும் வறட்சியும்தான். மஞ்சள், சாம்பல், விளக்கெண்ணெய், பவுடர் எதுவும் தடவாதீர்கள். நாப்கினைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். பெரும்பாலும் 5 முதல் 15 நாளுக்குள் தானாக விழும், கிளிப்பைப் பிடித்து இழுக்க வேண்டாம். விழும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயமில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற டெட்டனஸ் கிருமி இந்த வழியாகப் புகுந்துதான் ஒரு காலத்தில் பிறந்த சில நாளிலேயே குழந்தைகளைக் கொண்டுபோனது. கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, சுத்தமான பிரசவம் இரண்டாலும் கட்டுப்பட்டு, 2015-இல் இந்தியாவில் பச்சைக் குழந்தைகளுக்கு வரும் டெட்டனஸ் ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

குளிப்பாட்டுவதற்கு அவசரமே இல்லை. முதல் 24 மணி நேரம் குளியல் வேண்டாம். எடை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் வெதுவெதுப்பான துணியில் துடைத்தாலே போதும். பாட்டிமாரின் கைப்பக்குவத்தை நான் குறை சொல்லவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு நீவிவிடுகிற அந்த லாகவம் எனக்கு வராது. ஆனால் தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, மூக்கில் வாயால் ஊதுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது, இவை நான்கும் கூடவே கூடாது. கண்ணுக்குள் மை, முகத்துக்கு நேரே சாம்பிராணிப் புகை, இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

துணிக்கு, தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வெயிலில் காயப்போட்டால் அதற்கு ஈடில்லை. கடையில் வாங்கிய புதுச் சட்டையையும் ஒரு தடவை அலசிவிட்டே போடுங்கள்.

இவ்வளவு பார்த்தும் தொற்று வரலாம். பச்சைக் குழந்தைக்கு அது மெதுவாக வராது. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, உடம்பு 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடுவது அல்லது சில்லென்று ஆவது, அமைதியாக இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் எண்ணி மூச்சு 60 அல்லது அதற்கு மேல் வருவது, நெஞ்சுக்குழி உள்ளிழுப்பது, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மந்திரிக்கவோ மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கவோ போகாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். போகிற வழியில் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துப் போர்த்திக்கொள்ளுங்கள், குடித்தால் பாலும் கொடுங்கள்.

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. (காசநோய்க்கு எதிரானது), போலியோ சொட்டு, ஹெப்படைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸுக்கு எதிரானது) மூன்றும் தடுப்பூசி அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே பாருங்கள். அடுத்த தடுப்பூசி ஆறு வாரம் முடிந்ததும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவார்கள், அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.