பீட்சா மேல் குளம் வெட்டாதீர்கள்

போன வாரம் அக்கா மகன் தன் சமையலறையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். "சித்தி, பாருங்க" என்று, மாவைத் தேய்த்துச் சுட்ட ரொட்டி பீட்சாவில் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினான். கையோடு ஓரம் மட்டும்தான் வந்தது. நடுப்பகுதி ஈரத்துணி மாதிரி தொங்கி, மேலே இருந்த தக்காளி, காளான், சீஸ் எல்லாம் ஒன்றாகச் சரிந்து டிரேயில் விழுந்தன. டிரேயில் ஏற்கெனவே இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, கூடவே கொஞ்சம் எரிச்சலும். இதே பீட்சாவை, இதே தண்ணீரோடு, நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கையுறை இல்லாமல் டிரேயைத் தொடாதீர்கள், உப்புப் போட மறக்காதீர்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன், ஒரு தடவை பட்டால் தானாகத் தெரிந்துவிடும். செய்வது தவறு என்றே தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்பவை மட்டும் இங்கே. அதில் ஒன்று ரொம்ப நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காய்களை வெட்டிய கையோடு அப்படியே பரப்புவது

"தக்காளியை அப்படியே வெட்டிப் போட்டியா?"

"ஆமா சித்தி, ஃபிரெஷ்ஷா இருக்கட்டும்னுதான்."

இந்த 'ஃபிரெஷ்' என்ற சொல்தான் எல்லாரையும் கவிழ்க்கிறது. தக்காளியின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர். காளானில் 90-க்கு மேல். சுக்கினி (வெள்ளரி மாதிரி இருக்குமே, அந்தக் காய்) தக்காளிக்குச் சளைத்ததில்லை. உப்புநீரில் மிதந்துகொண்டு வருமே மொசரெல்லா சீஸ் உருண்டை, அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 200 கிராம் தக்காளியை வெட்டிப் பரப்பினால் கிட்டத்தட்ட ஒரு டம்ளர் தண்ணீரை ரொட்டி மேல் வைத்த மாதிரி. அவ்வளவும் வெளியே வராது, சரி. கால்வாசி வந்தாலே போதும், ரொட்டி காலி.

ஓவனை எவ்வளவு கூட்டி வைத்தாலும் இதற்குத் தீர்வு கிடையாது. தண்ணீர் நிற்கும் இடம் 100 டிகிரியைத் தாண்டாது, அந்தத் தண்ணீர் முழுக்க ஆவியாகும் வரை அங்கேயே நிற்கும். ரொட்டியோ சீஸோ பொன்னிறமாக மாறி அந்த வாசனை வர வேண்டுமென்றால் சுமார் 140 டிகிரியாவது வேண்டும். ஆக, ஓவனில் 250 வைத்திருக்கிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, பீட்சாவின் நடுப்பகுதி உள்ளே வெந்நீரில் வெந்துகொண்டிருக்கிறது.

எனக்கு இது புரிய ஒரு விருந்து பாழாக வேண்டியிருந்தது. பத்துப் பேரைக் கூப்பிட்டிருந்தேன். எருமைப்பால் மொசரெல்லா, நன்றாகப் பழுத்த தக்காளி, மூன்று வகைக் காளான் என்று கையிலிருந்ததையெல்லாம் கொட்டி வாங்கினேன். ஆறு ரொட்டி. முதல் இரண்டு வெளியே வந்தபோதே மேலே குளம். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வற்றிவிடும் என்று திரும்ப உள்ளே தள்ளினேன். ஓரமெல்லாம் பிஸ்கட் மாதிரி இறுகிக் கருகியது, நடுவில் குளம் அப்படியே இருந்தது. அடுத்த இரண்டுக்குச் சூட்டைக் கூட்டினேன், சீஸ் மட்டும் கருகியது. கடைசி இரண்டில் என்ன செய்தேன் என்றே நினைவில்லை. வந்திருந்தவர்களில் வயதில் மூத்த ஒருவர், என்னைப் புண்படுத்தக் கூடாது என்று, ரொம்ப மரியாதையாக ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஸ்பூனை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறமாவது திருந்தினேனா என்றால் இல்லை. ரொட்டிதான் மெல்லிசு, அதனால்தான் நனைகிறது என்று முடிவு கட்டி, தடிமனாகத் தேய்க்க ஆரம்பித்தேன். இப்போது அது தண்ணீரை முழுக்க உறிஞ்சி, வெந்தும் வேகாத மாவு மாதிரி பல்லில் ஒட்டியது. பழி ரொட்டி மேல், ஓவன் மேல், மாவு மேல் என்று மாறி மாறி விழுந்துகொண்டே இருந்தது, தக்காளியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

"பீட்சாவுக்குப் பேர்போன இத்தாலியின் நேப்பிள்ஸில் பச்சையாகத்தானே போடுகிறார்கள், வீடியோவில் பார்த்தேன்" என்பார்கள். அங்கே விறகடுப்பு ஓவனில் சூடு 430 டிகிரிக்கு மேல் இருக்கும், பீட்சா உள்ளே இருப்பது 60 முதல் 90 வினாடிதான். தக்காளி தண்ணீர் விட யோசிப்பதற்குள் பீட்சா தட்டுக்கு வந்துவிடும். மொசரெல்லாவையும் அவர்கள் முன்னாடியே வடிய விட்டுத்தான் வைத்திருப்பார்கள், அது வீடியோவில் வராது. அப்படியிருந்தும் அந்த பீட்சாவின் நடு மெத்தென்றுதான் இருக்கும், மடித்துச் சாப்பிடுவார்கள். நம் வீட்டு ஓவன் 250 டிகிரியில் மூச்சு வாங்கும், எட்டுப் பத்து நிமிடம் எடுக்கும். அந்தப் பத்து நிமிடமும் காய் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, என்ன செய்வது? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வழி.

தக்காளியை அரை சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி, சுத்தமான துணி மேல் பரப்பி, இரண்டு சிட்டிகை உப்பைத் தூவி இருபது நிமிடம் விடுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் வட்டங்களின் மேல் வேர்வை மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர் வரும், பத்தாவது நிமிடத்தில் அது வழியத் தொடங்கும், இருபதில் துணியில் ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் ஒரு ஈரக்கறை இருக்கும். மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். அவசரம் என்றால் விதையையும் அதைச் சுற்றியுள்ள வழுவழுப்பையும் விரலால் வழித்துவிடலாம். ஆனால் அந்த வழுவழுப்பில்தான் தக்காளியின் ருசி நிறைய இருக்கிறது, அதனால் நான் அதை எடுத்து சாஸில் போட்டு வற்ற விட்டுவிடுவேன்.

காளானை எண்ணெய் இல்லாமல், நன்றாகக் காய்ந்த வாணலியில் போடுங்கள். முதலில் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும், அப்புறம் திடீரென்று தண்ணீர் விட்டு வாணலி நனைந்துவிடும், பயப்படாதீர்கள், அந்தத் தண்ணீர் வற்றி மறுபடி சத்தம் மாறும் வரை வதக்கிவிட்டுக் கடைசியில் ஒரு ஸ்பூன் எண்ணெய். முதலிலேயே எண்ணெய் ஊற்றினால் காளான் அதைக் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். கீரை என்றால் ஒரு நிமிடம் வதக்கி, ஆறியதும் உள்ளங்கையில் வைத்துப் பிழியுங்கள், இதற்கு மேல் வராது என்று தோன்றிய பிறகு இன்னொரு முறை பிழியுங்கள். சுக்கினிக்கு தக்காளி மாதிரியே உப்பு. வெங்காயமும் குடைமிளகாயும் கண்ணாடி போல மெல்லிசாக வெட்டினால் அப்படியே போடலாம், இவை இரண்டும் அவ்வளவாகத் தொல்லை தராதவை.

மொசரெல்லா உருண்டையைச் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எடுத்து, துண்டுகளாகப் பிய்த்து, சல்லடையில் வடிய விடுங்கள். முடிந்தால் முந்தின இரவே செய்து, ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணத்தின் மேல் சல்லடையோடு வைத்துவிடலாம். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் கட்டியாக வரும், ஈரம் குறைந்த மொசரெல்லாவை வாங்குங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

சாஸைச் சோதிக்க ஒரு தட்டில் ஒரு ஸ்பூன் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் அதைச் சுற்றித் தண்ணீர் வளையம் பிரிந்து வந்தால் இன்னும் வற்றவில்லை என்று அர்த்தம். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகல ரொட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும், சிவப்புக்கு நடுவே ரொட்டி அங்கங்கே எட்டிப்பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகு கடைசியாக ஒன்று: ரொட்டியை வெறுமையாகவே மூன்று நான்கு நிமிடம் ஓவனில் வாட்டி எடுத்து, மேலே எண்ணெயை மெல்லிசாகத் தடவி, அப்புறம்தான் சாஸ். அடுக்கியதும் உடனே ஓவனுக்குள் போய்விட வேண்டும். நான்கு பீட்சாவையும் அழகாக அடுக்கி மேசையில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சுடும் பழக்கம் இருக்கிறதே, நாலாவது பீட்சா ஓவனைப் பார்ப்பதற்கு முன்பே நனைந்திருக்கும்.

ஓவன் 'ரெடி' என்று சொல்வதை நம்புவது

விளக்கு அணைந்தால் உள்ளே காற்று சூடாகிவிட்டது என்று அர்த்தம், டிரே இன்னும் இல்லை. கனமான டிரேயைக் கவிழ்த்து உள்ளே வைத்து, ஓவனை எவ்வளவு போகுமோ அவ்வளவு வைத்து, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பீட்சாக் கல் (பீட்சா சுட ஓவனுக்குள் வைக்கும் தட்டையான கல்) வைத்திருந்தால் முக்கால் மணி நேரம். ரொட்டியை அந்தச் சூட்டின் மேல் நேராகத் தள்ளும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும், கேட்கவில்லை என்றால் நீங்கள் சீக்கிரமே வந்துவிட்டீர்கள்.

மாவோடு மல்லுக்கட்டுவது

தேய்க்கத் தேய்க்கச் சுருங்குகிறதா? விட்டுவிடுங்கள். துணியால் மூடி, பதினைந்து நிமிடம் கழித்து வாருங்கள், அதுவே இளகிக் கொடுக்கும். சுருங்குகிறதே என்று இன்னும் மாவு தூவித் தூவித் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ரொட்டி அட்டை மாதிரி வரும். ஈஸ்ட் இல்லாமல் கெட்டித் தயிரும் பேக்கிங் பவுடரும் சேர்த்துப் பிசைகிறீர்கள் என்றால் (250 கிராம் மைதாவுக்கு 200 கிராம் தயிர், இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, இதுதான் என் கணக்கு) அதை ராத்திரி முழுக்க வைக்காதீர்கள். ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும்.

பேசில் இலையை முதலிலேயே போடுவது

துளசி வகை இலைதானே, கருகும். இறக்கிய பிறகு போடுங்கள்.

துருவி வரும் பாக்கெட் சீஸ்

ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதன் மேல் மாவுச்சத்தோ செல்லுலோஸ் தூளோ தடவியிருப்பார்கள், அதனால் உருகும்போது இழையாமல் திட்டுத் திட்டாக நிற்கும். கட்டியாக வாங்கித் துருவிக்கொள்ள மூன்று நிமிடம் ஆகும்.

ஏழு வகை டாப்பிங்

பீட்சா மேல் போடுபவை மூன்று வகை போதும்.

அடுப்பில் செய்யும்போது மூடியை இறுக்குவது

ஓவன் இல்லாதவர்கள் கனமான இரும்பு வாணலியில் செய்யலாம், உண்மையைச் சொன்னால் அடிப்பாகம் பல ஓவன்களைவிட நன்றாகவே வரும். ரொட்டியின் ஒரு பக்கத்தை முழுதாக வேகவிட்டுத் திருப்பி, வெந்த பக்கத்தின் மேல் சாஸையும் சீஸையும் வைத்து, தீயைக் குறைத்து மூட வேண்டும். தவறு இங்கேதான் நடக்கிறது. இறுக்கமாக மூடினால் ஆவி மூடியில் பட்டுச் சொட்டுச் சொட்டாக சீஸ் மேலேயே விழும், மேலே சொன்ன இருபது நிமிட உப்பு வேலையெல்லாம் அங்கே வீணாகிவிடும். மூடியின் உள்பக்கம் ஒரு துணியைக் கட்டுங்கள், முனைகளை மேலே சேர்த்து முடிந்துவிடுங்கள், நெருப்பில் தொங்க விடாதீர்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் விரல் அளவு இடைவெளி விட்டு வையுங்கள். சீஸ் உருகியதும் இறக்கிவிடலாம். மேலே நிறம் வராது, வராவிட்டால் என்ன.

வெந்ததும் தட்டில் வைப்பது

இவ்வளவு பாடுபட்டு மொறுமொறுவென்று எடுத்ததைத் தட்டையான தட்டில் வைத்தால் அடியிலிருந்து வரும் ஆவி வெளியேற வழியில்லாமல் ரொட்டியையே நனைத்துவிடும். கம்பி வலை மேல் இரண்டு நிமிடம் வையுங்கள், அப்புறம் வெட்டுங்கள். சீஸும் அதற்குள் கொஞ்சம் இறுகி, கத்தியோடு இழுபடாமல் நிற்கும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அக்கா மகன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "தக்காளியை வடிய விட்டா அந்தத் தண்ணிய என்ன சித்தி பண்றது?" துணியில் போனது போனதுதான், ஆனால் துணிக்குப் பதில் சல்லடையில் வைத்துக் கீழே கிண்ணம் வைத்தால் கால் டம்ளர் அளவுக்குச் சேரும். அடுத்த நாள் ரொட்டி மாவுக்குத் தண்ணீருக்குப் பதிலாக அதை ஊற்றிப் பிசையச் சொன்னேன். அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, மாவுக்குப் போடும் உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும்.